பின் சீட்டுக்காக முன் டயர்

போன புதன்கிழமை சாயந்தரம், வீட்டு வாசலில், என் பைக் டயர் என் முகத்தில் துப்பியது.

காற்றை இறக்கலாம் என்று வால்வின் ஊசியை அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று வரும் என்று பார்த்தால்... பச்சையாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று மூக்கு, கண்ணாடி, யூனிஃபார்ம் என்று ஓரிடம் விடாமல் பீய்ச்சியடித்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார் அத்தை - என் கணவனின் அம்மா. நிதானமாகக் கேட்டார்.

"டயருக்குள்ள யாருமா மருதாணி கரைச்சு ஊத்துனது?"

நல்ல கேள்விதான். பதிலுக்கு முன்னால், வேலை முடிந்து வந்த நான் டீ கூடக் குடிக்காமல் ஒரு டயரோடு ஏன் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பைக்கைத் தெரியும். செகண்ட்ஹேண்ட், இருநூற்றைம்பது சிசி. முந்தைய உரிமையாளர் ஒட்டிய புலி ஸ்டிக்கர் இன்னும் உரிய மாட்டேன் என்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு - நான் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்வாசி. ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. என் கணவன் கதிருக்கு சிங்கப்பூரில் வேலை. பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே வகுப்பு. ஆகவே எனக்கு அவன் 'அவன்'தான். அத்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் 'அவர்'.

வாரம் முழுக்க அங்கே ஒரு வாடகை அறையில், நண்பர்களோடு இருப்பான். சனிக்கிழமை காலை நைட் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறி, எல்லைப் பாலம் தாண்டி, ஜோகூர் பாருவின் லார்கின் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவான். நான் குளுவாங்கிலிருந்து பைக்கில் போய் அழைத்து வருவேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் திரும்பிப் போய்விடுவான்.

இதில் புதுமை ஒன்றுமில்லை. ஜோகூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும் ஒரு வீடு இருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்தபின் கதிர் எனக்குக் கிடைப்பானா? அத்தைக்கு மகன். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அரட்டைத் துணை. மாலையில் யாராவது ஒருவரின் கல்யாண விருந்து, காலையில் கோயில், மத்தியானம் சொந்தக்காரர்கள். எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு வேறு... இந்த அறையில் தும்மினால் அந்த அறையிலிருந்து 'ஆயுசு நூறு' என்று குரல் வரும்.

எங்களுக்கென்று இருப்பது அந்தச் சாலை மட்டும்தான். கூலாய், செடெனாக், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங். ஹைவே வேண்டாம், பழைய ரோடே போதும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம்.

இன்னொரு விஷயம், பைக் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் லேசாக ஒட்டினால் போதும், மெதுவாகப் பேசுவது கூடக் கேட்கும். குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். காற்று எவ்வளவு இரைந்தாலும் அது உங்களுக்கு மட்டும்! ஆறு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கதிர் அப்படித்தான் எனக்குச் சொல்வான். சூப்பர்வைசர் திட்டியது, அறைத் தோழனின் குறட்டை, எப்போதாவது ஊரோடு திரும்பி வந்துவிட வேண்டும் என்பது... அந்த 'எப்போதாவது'வை வேறு எங்கேயும் அவன் சொன்னதில்லை.

போன மாதம் முன் டயர் தேய்ந்துவிட்டது. டவுனில் எனக்குப் பழக்கமான டயர் கடை லிம் அங்கிளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வந்து எடுத்துக்கொண்டேன். புது டயர். புது வாசனை.

புது நடுக்கமும்.

எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் குளிர் காய்ச்சல் கண்ட மாதிரி உதறியது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டக்டக்கென்று மோத, கதிர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான்... குரல் போய்விட்டது. மூன்று சனிக்கிழமை, ரெங்கம் வரைக்கும் காற்றைக் கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது தடவை வீட்டு வாசலில் இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டே அவன் சொன்னான்.

"அடுத்த வாரம் நான் ட்ரெயின்ல வந்துர்றேன். நீ ஏன் அவ்ளோ தூரம் வந்து கஷ்டப்படணும்? ஸ்டேஷனுக்கு மட்டும் வா, போதும் லா."

அன்பாகத்தான் சொன்னான். குளுவாங் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐந்தே நிமிடம். அதில் ஒரு சிவப்பு விளக்கு. ஐந்து நிமிடத்தில் என்ன பேச முடியும்... சாப்பிட்டாயா என்று கேட்கலாம்.

விட முடியுமா?

நடுக்கத்துக்குக் காரணம் சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததுதான். பேலன்ஸ் பண்ண வேண்டும். எப்படி? அங்கே ஆரம்பித்தது சண்டை. எங்கள் பைக் வாட்சப் குழுவில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு ராத்திரி முழுக்கப் பதில் கொட்டியது. ஜேபியில் - ஜோகூர் பாருவில் - பெரிய கடைகளில் மெஷின் இருக்கிறது, வேகமாகச் சுற்றவிட்டு கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்றது ஒரு கட்சி. டயருக்குள் கடுகு மாதிரி மணிகளைக் கொட்டிவிடு, ஓடும்போது அவை தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும் என்றது இன்னொரு கட்சி. கழற்றிய சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஜேபி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்பாரா என்று ஒருவன் ஆராய ஆரம்பித்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். சக்கரத்தை அதன் அச்சில் கோத்துத் தொங்கவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எந்தப் பக்கம் கனமோ அது தானே உருண்டு கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே, ரிம்மில், சின்ன ஈயத் துண்டை ஒட்ட வேண்டும். மறுபடி சுற்றிவிட வேண்டும். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். கார் டயர் அகலம், அதற்கு மெஷின் தேவைதான். என் பைக்கின் ஒல்லி டயருக்கு இதுவே போதும்.

தீபாவளிக்கு வீட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய இரண்டு பெயிண்ட் வாளிகளை வாசலில் வைத்தேன். போனை வைத்து மட்டம் பார்த்தேன். நடுவில் சக்கரம். மெதுவாகச் சுற்றிவிட்டேன். நின்றது. சாக்பீஸால் கோடு போட்டேன். மறுபடி சுற்றினேன்... வேறு இடத்தில் நின்றது. மறுபடி... இன்னொரு இடம்! ஒரே சக்கரத்துக்கு எத்தனை கனமான பக்கம் இருக்க முடியும்? திங்கள், செவ்வாய், இரண்டு மாலையும் இப்படியே போனது. அத்தை தினமும் ஒரு தடவை வந்து பார்த்தார். ஊரில் குழந்தைக்குத் தொட்டில் கட்டுவார்கள், என் மருமகள் டயருக்குக் கட்டியிருக்கிறாள் என்று போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை சந்தேகம் வந்து வால்வை அழுத்தினேன். மீதி, உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பச்சைத் திரவம் எது என்று ஜோகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சர் ஆனால் தானே அடைத்துக்கொள்ளும் மருந்து. தினமும் பைக்கில் பாலம் தாண்டுகிறவர்கள் டயர் மாற்றும்போதே இதையும் ஊற்றிவிடுவார்கள். விடியற்காலை நெரிசலில், பாலத்தின் நடுவில் பஞ்சர் ஆனால் அன்றைய வேலை போச்சே! ஆனால் என் பைக் பாலத்தைப் பார்த்ததே இல்லை. நான் ஊற்றச் சொல்லவும் இல்லை.

பிறகு யார்?

லிம் அங்கிளுக்கு போன் போட்டேன். அலமாக், உனக்குத் தெரியாதா என்றார். நான் வேலையில் இருந்தபோது கதிர் சிங்கப்பூரிலிருந்து அழைத்து மருந்து ஊற்றச் சொன்னானாம். ஒரு பாட்டில் போதும் என்றாராம் அங்கிள். இரண்டாக ஊற்றுங்கள் என்றானாம் இவன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீடியோ காலில் பிடித்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஒரு கையில் சட்டை. பச்சைக் கறை படிந்த என் கண்ணாடியைக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சட்டையைக் கீழே வைத்தான்.

"நீ அந்த ரோட்ல தனியா வர்ற. ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். லாயாங் லாயாங் பக்கத்துல போன் லைன்கூடக் கெடைக்காது. பஞ்சர் ஆனா என்ன பண்ணுவ?"

"நீதான் பின்னால இருக்கியே."

"வர்றப்ப இருக்கேன். போறப்ப?"



சனிக்கிழமை காலையில் நான் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் அவன் பஸ்ஸில் இருப்பான், இல்லையென்றால் எல்லையில், குடிநுழைவுச் சோதனை வரிசையில். எனக்கு ஏதாவது ஆனாலும் வரிசையை விட்டு வர முடியாது. அந்த வரிசையில் நின்றுகொண்டு வாரா வாரம் அவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நினைப்புதான் இரண்டு பாட்டிலாக என் டயருக்குள் இறங்கியிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? டயருக்குள் மருந்து ஆடிக்கொண்டிருக்கும்வரை கனம் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஈயத்தை எங்கே ஒட்டுவது? மணிகளைக் கொட்டினால் அவையும் அதில் ஒட்டிக் கட்டியாகிவிடும். மருந்து இருந்தால் அவனுக்கு நிம்மதி. ஆனால் அவன் ட்ரெயினில் வருவான். மருந்து போனால் அவன் என் பின்னால் இருப்பான். ஆனால் வரிசையில் நிற்கும்போது அவன் நிம்மதி போய்விடும்.

மருந்தை எடுக்கப் போகிறேன் என்றேன். முடியாது என்றான். பஞ்சர் கிட்டும் கைப்பம்பும் எடுத்துப் போகிறேன் என்றேன். உனக்கு அடைக்கத் தெரியுமா என்றான்.

என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா?

மறுநாள் அந்தத் தேர்வு நடந்தது. கழற்றி வைத்திருந்த பழைய பின் சக்கரம் ஒன்று ஸ்டோரில் கிடந்தது, டயரோடு. அதில் காற்றடித்து, ஆணியால் குத்தி, கிட்டை வைத்து நான் அடைக்க வேண்டும். கதிர் அங்கிருந்து பார்ப்பான். போனைப் பிடித்திருந்தவர் அத்தை. முதல் தடவை ரப்பர்த் திரி பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை கச்சிதம். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், ஒரு குமிழி இல்லை. கதிர் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"டேய், அவ பாஸ். நீ பேசாம பின்னால ஏறி வா."

வெள்ளிக்கிழமை லிம் அங்கிள் டயரைக் கழற்றி, கழுவி, காயவைத்து, மறுபடி பூட்டிக் கொடுத்தார். வாசலில் வாளிகளுக்கு நடுவே வைத்துச் சுற்றினேன். நின்றது. மறுபடி சுற்றினேன். அதே இடம்! ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். கடைசியில் சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. விட்ட இடத்திலேயே இருக்க முடிகிற ஒரு பொருளை, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை லார்கின். கதிர் இறங்கி வந்தான். முதலில் என்னைப் பார்த்தான், அடுத்து முன் டயரைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான். கூலாய் தாண்டியதும் எண்பது. தொண்ணூறு. ஹேண்டில் அசையவில்லை. தண்ணீரில் போகிற மாதிரி இருந்தது. ஹெல்மெட் மெல்ல வந்து என் ஹெல்மெட்டில் ஒட்டியது.

காத்திருந்தேன்.

செடெனாக் தாண்டியது. ஒரு சொல் இல்லை. சொல்லு என்றேன். இல்லை. இடுப்பைச் சுற்றியிருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது... தூங்கிவிட்டான்! நைட் ஷிஃப்ட் முடித்த மனிதன். இத்தனை வாரம் நடுக்கம் விழிக்க வைத்திருந்தது. இப்போது தாலாட்டு.

பைக்கின் பின்னால் தூங்குவது ஆபத்து. ஒரு கையால் அவன் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கு வந்து, லாயாங் லாயாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை நிழலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். எழுந்துவிடுவான் என்று பார்த்தேன். எழவில்லை. முழு பாரத்தையும் என் முதுகில் சாய்த்துவிட்டான். நான் இறங்கினால் விழுவான். அசைந்தால் விழிப்பான்.

இரண்டு காலையும் ஊன்றி, பைக்கையும் அவனையும் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டியது ஒரு வாரத்துக்கு இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை. அவன் மூச்சு மட்டும் ஹெல்மெட் வழியாக வந்துகொண்டிருந்தது... குடத்துக்குள்ளிருந்து.

கடைக்கார அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் டீயோடு அருகில் வந்தார்.

"என்னம்மா, பைக் ரிப்பேரா?"

"இல்லக்கா," என்றேன், சத்தம் வராமல். "இப்பதான் சரியாச்சு."