கடைசி அடியில் சீதாபதி

ரேடியோவில் நாடகப் பாட்டு வந்தால் விஜயம் ஓடிப்போய் நிறுத்திவிடுவாள். இல்லாவிட்டால் அவள் கணவர் பிச்சுமணி ஆரம்பித்துவிடுவார். "பாடினவன் பேரைச் சொல்றான், ஆர்மோனியக்காரன் பேரைச் சொல்றான். எழுதினவன் மட்டும் என்ன, ஊர் பேர் இல்லாதவனா?" என்று பழங்காநத்தம் தெருவே கேட்கக் கத்துவார். மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு எதிலும் இத்தனை சூடு கிடையாது.

காரணம் அவர் தாத்தா சீதாபதி. நூறு வருஷத்துக்கு முன் மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர். கூத்தாடிகளோடு சேர்ந்தவன் என்று சொந்தக்காரர்கள் அவரைப் பந்தியில் தள்ளி உட்காரவைத்தார்கள். அவருடைய ஒரே ஒரு பாட்டைப் பிச்சுமணியின் அப்பா குளிக்கும்போது மட்டும் பாடுவார். அதன் கடைசி அடியில் சீதாபதி என்று பெயர் வரும். எழுதியவன் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். வேறு எங்கே இடம் கொடுத்தார்கள்?

பேரையூர்ப் பக்கத்துத் திருவிழா நாடகத்தில் ரோகிணி என்பவள் அந்தப் பாட்டை வருஷா வருஷம் பாடுகிறாள், ஆனால் கடைசி அடியில் சங்கிலி என்கிறாள் என்று சிம்மக்கல் ஆர்மோனியக்காரர் காளை சொன்னார். பிச்சுமணி பஸ் ஏறிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் ரோகிணி அரசகுமாரியாக மாறிக்கொண்டிருந்தாள்.

"சங்கிலி எங்க வாத்தியாரு சார். அவரு சொல்லிக்குடுத்தபடிதான் பாடுறேன்."

"சொல்லிக்கொடுத்தது அவர், எழுதினது எங்க தாத்தா. இன்னிக்கு ஒருநாள் அவர் பேரை வெச்சுப் பாடும்மா. எனக்கப்புறம் இதைக் கேக்க ஆள் இல்லை."

அவள் பவுடர் பஞ்சைக் கீழே வைத்தாள். "இந்த ஊர்க்காரவுக பொல்லாதவுக. ஒரு சொல்லு மாறுனாலும் பொறுக்க மாட்டாக. சரி, பாடுறேன். போயி உக்காருங்க."

பாட்டு தொடங்கியது. கைக்குழந்தையோடு இருந்தவள் முதல் டீ விற்றவர் வரை கூடவே பாடினார்கள். தாத்தாவின் ஒரு சொல்லைக்கூட ஊர் விடவில்லை. இதைக் கேட்கத் தாத்தா இல்லையே என்று பிச்சுமணிக்கு அழுகை வந்தது.

கடைசி அடியில் ரோகிணி 'சீதாபதி' என்றாள். ஊர் 'சங்கிலி' என்றது. பாட்டு முட்டிக்கொண்டு நின்றது. யாரோ ஒருவன் விசிலடித்தான்.

"யாருத்தா அது சீதாபதி?" விழாக் கமிட்டி விருமாண்டி எழுந்துவிட்டார். "சொல்லிக்குடுத்த வாத்தியாரு பேரையே முழுங்குறவளா? இவளுக்கு அடுத்த வருசம் இந்த மேடை கெடையாது, ஆமா."

ரோகிணி குனிந்து நின்றாள். சொல்லச் சொன்னவர் இவர்தான் என்று பிச்சுமணியைக் கைகாட்டியிருக்கலாம், காட்டவில்லை. பிச்சுமணி எழுந்தார். தாத்தா யார் என்று சொல்ல இத்தனை பேர் கூடிய சபை இனி அவருக்கு வாய்க்கப் போவதில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லை. நான்தான் பேரை மாத்திச் சொல்லிக் குழப்பிட்டேன்" என்றார். "பாட்டு சங்கிலி வாத்தியாரோடதுதான். நீ பாடும்மா."

ரோகிணி கடைசி அடியை மறுபடி எடுத்தாள். ஊரோடு சேர்ந்து பிச்சுமணியும் சங்கிலி என்று பாடினார்.