ஒரே கைப்பேசியில் முப்பத்தொரு ஓட்டு

போன வாரம் நான் ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் அறுபத்து நான்கு குடும்பங்கள் பார்க்கும்படி.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். நடுவில் பிளாக்செயின், டோக்கன், வாலட் என்றெல்லாம் வார்த்தைகள் வரும். பயப்பட வேண்டாம். எனக்கே புரிந்த விஷயம்தான்.

புக்கிட் செந்தோசாவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஜெசிந்தா என்ற பெண் இருக்கிறாள். முப்பது வயது இருக்கும். காலையில் தாமான் குடியிருப்பு முழுக்க ரவாங் பக்கம் வேலைக்குக் கிளம்பும்போது, இவள் மட்டும் காப்பியோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஓட்டுப் போடுறவங்கள ஆராய்ச்சி பண்றேன் ஆன்ட்டி."

எந்தக் கட்சிக்கு என்றேன். சிரித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பல நாடுகளில் இருக்கும் ஆட்கள் இணையத்தில் ஒரு சமூகமாகச் சேர்ந்திருக்கிறார்கள். தலைவர் கிடையாது. ஆபீஸ் கிடையாது. எதை முடிவு செய்வதானாலும் ஓட்டு. அந்த ஓட்டு பிளாக்செயினில் பதிவாகும். ஒரே நோட்டுப் புத்தகத்தின் நகல் பல பேர் கையில் இருப்பது மாதிரி... ஒருவர் ஒரு வரியைத் திருத்தினாலும் மற்ற நகல்கள் காட்டிக் கொடுத்துவிடும். எந்த நேரத்தில், எதற்கு ஓட்டு விழுந்தது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் மட்டும் இருக்காது. பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான விலாசம்.

ஜெசிந்தாவின் வேலை அந்த ஓட்டுகளைப் பார்த்து, மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. முதல் மணி நேரத்திலேயே போடுகிறவர் யார்? பெரிய ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துவிட்டுப் போடுகிறவர் யார்? "எனக்கும் சேர்த்து நீயே போட்டுவிடு" என்று பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிறவர் யார்? அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று — விவாதப் பக்கத்தில் நீள நீளமாக எழுதிச் சண்டை போடுகிறவர்களில் பலர் ஓட்டே போடுவதில்லையாம்.

நமக்குத் தெரியாத ஆட்களா?

எங்கள் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டத்தில் இருந்து, தோட்டம் கைமாறியதும் ஆளுக்கொரு ஊராகப் போன அறுபத்து நான்கு குடும்பங்கள். புக்கிட் பெலிம்பிங்கில் சங்கத்துக்கு ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி. மண்டபத்தில் கோடு போட்டுப் பூப்பந்து ஆட வேண்டும் என்பது ஒன்று. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகக் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் கூடாதா என்பீர்கள். தடுப்பும் தொட்டிலும் பாயும் கை கழுவும் தொட்டியும் வைத்த பிறகு ஷட்டில் அடிக்க இடம் ஏது?

பூப்பந்துக் கட்சிக்குத் தலைவர் அந்தோணி அண்ணன். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதிலும் வாரம் நான்கு நாள் ராக்கெட் பிடிக்கிறவர். அவர் குழு ஆட இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக அனுமதி கேட்டு அலைகிறது.

காப்பகக் கட்சிக்குத் தலைவி யாரும் இல்லை. ஆனால் சாந்தி இருக்கிறாள். கோலசிலாங்கூர் பக்கம் தொழிற்சாலையில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் இரண்டு வயது மகளை ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசாரில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவாள். அடுத்த சனிக்கிழமைதான் பார்ப்பாள். காப்பகம் வந்தால் பிள்ளை தினமும் அவளோடு இருக்கும்.

போன கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணினோம். மூன்று பேர் எண்ணி மூன்று கணக்கு வந்தது. ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார் என்று இன்னொருவர் சத்தம் போட, கூட்டம் காப்பி குடிக்காமலே கலைந்தது. அப்போதுதான் ஜெசிந்தா, அவளும் எங்கள் தோட்டத்துக் குடும்பம்தான், தன் வேலையில் பார்ப்பது போலவே நாமும் ஓட்டெடுப்பு நடத்தலாம் என்றாள். குடும்பத்துக்கு ஒரு டோக்கன். ஒரு டோக்கன், ஒரு ஓட்டு. கைப்பேசியிலேயே போடலாம். ஒரு வாரம் நேரம்.

டோக்கன் என்றதும் கிளினிக்கில் கொடுப்பார்களே அதுவா என்று கேட்டார்கள். வாலட் என்றதும் பலர் பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு வாலட்டுக்கும் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் உண்டு, அதை யாருக்கும் காட்டக்கூடாது என்று ஜெசிந்தா மூன்று முறை சொன்னாள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று அதைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

வயதானவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. அந்தோணி அண்ணன்தான் பலருக்குக் கைப்பேசியில் உதவி செய்தார்.

ஓட்டெடுப்பு ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. முதல் இரண்டு நாள் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அனல் பறந்தது. திங்கட்கிழமை காலை ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் முப்பத்தொரு ஓட்டு விழுந்திருக்கிறது. முப்பத்தொன்றும் வேறு வேறு வாலட். ஆனால் எல்லாம் ஒரே கைப்பேசியிலிருந்து என்று அவள் அமைத்த ஓட்டுப் பக்கத்தின் பதிவு காட்டியது.

அவள் வேலையில் இதை முதலில் சந்தேகப்படுவார்களாம். ஒரே ஆள் பல முகமூடி போட்டுக்கொண்டு வந்து கூட்டம் மாதிரி காட்டுவது. "ஆனா இப்பவே சொல்ல முடியாது ஆன்ட்டி. இன்னும் பாக்கணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சரி என்றுதான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, காய் நறுக்க உட்கார்ந்து, பாதிக் கத்திரிக்காயில் எழுந்துபோய் கைப்பேசியில் சங்கக் குழுவைத் திறந்தேன். வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிற கை சும்மா இருக்குமா? 'ஒரே கைப்பேசியிலிருந்து முப்பத்தொரு ஓட்டு போடப்பட்டிருக்கிறது. சங்கம் விசாரிக்க வேண்டும்.' அவ்வளவுதான் எழுதினேன். பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாததை அப்போது பெரிய நாகரிகமாக நினைத்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரென்று எல்லாருக்கும் தெரியும் லா என்று ஒருவர் எழுதினார். பூப்பந்துக் கோர்ட் வேண்டுமென்றால் இப்படியா செய்வது என்று இன்னொருவர். முப்பத்தொரு ஓட்டையும் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மூன்றாமவர். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பிறகு திரையில் ஒரு சின்னச் சாம்பல் நிற வரி. அந்தோணி குழுவிலிருந்து வெளியேறினார்.

அவர் ஒரு வார்த்தை எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

மதியம் சாந்தி போன் செய்தாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல். அந்த ஓட்டெல்லாம் செல்லாதா ஆன்ட்டி என்று கேட்டாள். செல்லாமல் போனால் உனக்குத்தானே நல்லது என்றேன். அவள் அம்மா ஓட்டும் அதில்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஆன்ட்டி, அந்த முப்பத்தொரு ஓட்டு எதுக்கு விழுந்திருக்குன்னு கேக்கவே இல்லையே நீங்க."

கேட்கவில்லை. அவளும் முதலில் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். எந்தக் கைப்பேசி, எத்தனை வாலட் என்பதிலேயே மூழ்கிவிட்டாளாம். இப்போது லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்தொன்றில் இருபத்திரண்டு காப்பகத்துக்கு. ஒன்பதுதான் பூப்பந்துக்கு.

தான் தோற்பதற்காகக் கள்ள ஓட்டுப் போடும் மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?

அதோடு நேரத்தையும் பார்க்கச் சொன்னாள். முகமூடி ஆளாக இருந்தால் மளமளவென்று போட்டுத் தள்ளியிருப்பான். இங்கே ஒரு ஓட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி, அரை மணி. ஒரு இடத்தில் ஒன்றரை மணி நேரம். "இது வீட்டுக்கு வீடு கார் ஓட்டிப் போற நேரம் மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றாள். இருபத்திரண்டு ஓட்டு. அவற்றைத் தள்ளுபடி செய்தால் காப்பகம் போச்சு. எல்லாம் நான் எழுதிய இரண்டு வரியால்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா லீவு போட்டாள். இருவரும் புக்கிட் பெலிம்பிங்குக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை மரங்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் தேறவில்லை.

அந்தோணி அண்ணன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினார். உள்ளே வரச் சொன்னார். அவர் மனைவி மேரி அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் சொன்னது இவ்வளவுதான். முப்பத்தொரு குடும்பத்துக்கு வாலட் பிடிபடவில்லை. சிலருக்குப் பொத்தான் கைப்பேசி. சிலருக்குக் கண் தெரியவில்லை. பன்னிரண்டு வார்த்தை எழுதிய தாளை அவரிடமே கொடுத்துவிட்டு நீயே போட்டுவிடு என்றார்கள். அவருக்கு அது சரியாகப் படவில்லை. அதனால் எல்லா வாலட்டையும் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, புக்கிட் செந்தோசாவிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் இரண்டு நாள் வண்டி ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு வீடு போய், அவரவர் வாலட்டைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சி இருந்தால் தொலைக்காட்சியைப் பார்ப்பாராம். இல்லையென்றால் சுவரை.

அந்த ஒன்றரை மணி நேரம்? ஒரு வீட்டில் கணவன் காப்பகம் என்கிறார், மனைவி பூப்பந்து என்கிறார். ஒரு ஓட்டுதான். முடிவு வரும்வரை அண்ணன் நாசி லெமாக்கும் அதற்கு மேல் ஒரு தட்டு மீ கோரெங்கும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாராம்.

ஜெசிந்தாவுக்கு ஒரு சந்தேகம். காப்பகத்துக்கு விழுவது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும் என்றார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது திரையில் இருக்குமே. பத்து வீடு தாண்டும்போதே காற்று எந்தப் பக்கம் என்று புரிந்துவிட்டது. பிறகும் இன்னும் இருபத்தொரு வீடு போயிருக்கிறார்.

சுங்கை பெசாரில் சாந்தியின் மகளைப் பார்த்தாராம். சனிக்கிழமை. அம்மா வருகிற நாள். இவர் காரின் சத்தம் கேட்டு அது வாசல்வரைக்கும் ஓடி வந்ததாம். இறங்கியது வேறு ஆள் என்று தெரிந்ததும் திரும்பி உள்ளே போய்விட்டதாம்.

அப்போ அண்ணன் ஓட்டு காப்பகத்துக்கா என்று ஆசையோடு கேட்டேன். கதை எழுதுகிற புத்தி.

"நான் பேட்மிண்டன் ஆளு லா. அதுல மாத்தம் இல்ல."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, என்னைத் திட்டுனது போவட்டும். அந்த ஓட்டச் செல்லாதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அவங்க யோசிச்சுப் போட்டது."

தன்னைத் தோற்கடிக்கப் போகும் ஓட்டுக்காக ஒரு மனிதர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மேரி அக்கா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். மன்னிப்பை இங்கே கேட்க வேண்டாம், எங்கே எழுதினாயோ அங்கே கேள் என்றார்.

திரும்பி வரும்போது கார் ஓட்டியது நான். பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தொரு குடும்பத்துக்கும் போன் போட்டது ஜெசிந்தா. வீட்டுக்கு வந்த பிறகும் போட்டாள். நீங்கள் எதற்குப் போட்டீர்கள்? ஒவ்வொன்றையும் பதிவோடு ஒத்துப் பார்த்தாள். முப்பத்தொன்றும் சரியாக இருந்தது. ஒருவர் மட்டும் தயங்கினார். தான் நினைத்தது ஒன்று, மனைவி அழுத்தியது ஒன்று என்றார். அந்த வீடு எது என்று எங்களுக்குத் தெரியும்.

எவ்வளவோ மூளை செலவழித்துக் கண்டுபிடித்த தொழில்நுட்பம். ஓட்டை யாரும் திருத்தவில்லை என்று அது சத்தியம் செய்யும். ஓட்டுப் போட்ட விரல் யாருடையது என்று கேட்டால் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன். வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவளுக்கு நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. நான் விசாரிக்காமல் எழுதினேன். அந்தோணி அண்ணன் செய்தது இது. எல்லா ஓட்டும் சரிபார்க்கப்பட்டது. நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

எல்லாரும் படித்ததற்கு நீல அடையாளம் விழுந்தது. பதில் எழுதியவர்கள் இரண்டு பேர்.

ஜெசிந்தா ஆச்சரியப்படவில்லை. அவள் பார்க்கிற அந்த உலகச் சமூகத்திலும் இதுதான் நடக்குமாம். சந்தேகத்துக்குக் கூட்டம் கூடும். திருத்தத்துக்கு ஆள் வராது.

புதன்கிழமை ஓட்டெடுப்பு முடிந்தது. காப்பகத்துக்கு இருபத்தொன்பது, பூப்பந்துக்குப் பத்தொன்பது. மீதிப் பதினாறு குடும்பம் ஓட்டே போடவில்லை. முப்பத்தொன்றையும் தள்ளுபடி செய்யச் சொன்னவர் அந்தப் பதினாறில் ஒருவர். நான் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டேன், யார் முன்னால் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. அதற்கும் ஜெசிந்தாவின் ஆராய்ச்சியில் ஒரு பெயர் இருக்கிறது. நல்ல பெயர் இல்லை.

அந்தோணி அண்ணனைக் குழுவில் மறுபடி சேர்த்தோம். அதற்கு ஓட்டெடுப்பு வைக்கவில்லை. சாந்தியின் மகளுக்கு மண்டபத்தில் ஒரு பாய் போட்டாகிவிட்டது. பூப்பந்துக் குழு இன்னும் பள்ளிக்கூடம் தேடுகிறது. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்தான் தடுப்புப் பலகையைத் தூக்கிக் கொடுத்தார்.

தூக்கிக் கொடுத்துக்கொண்டே ஜெசிந்தாவிடம் கேட்டார், அடுத்த வருஷம் மறுபடி ஓட்டு வைப்பீர்களா என்று. வைக்கலாம் அங்கிள் என்றாள்.

"அப்ப பிரச்சாரம் பண்ணணும். முப்பத்தொரு வீட்டுக்குப் போயி பேட்மிண்டனப் பத்தி ஒரு வார்த்த பேசல நான். அதான் தோத்துட்டேன்."

அடுத்த வருஷமும் பேச மாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஆனால் இந்த முறை என் ஊகத்தையும் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்!