இரவல் தாய்மாமன் வேண்டாம்: ஈப்போவிலிருந்து திருமங்கலத்துக்கு ஒரு காதுகுத்துப் பயணம்

மகள் யாழினிக்கு மூன்று வயது. மொட்டை போட்டுக் காது குத்த ஈப்போவில் கோயிலா இல்லை? வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஐந்து பேர் கடல் தாண்டி, திருமங்கலம் பக்கத்துக் குலசாமி வாசலுக்குப் போனதற்குக் காரணம் என் அப்பா சுப்பையா. லாரி ஓட்டியவர். தாத்தா விட்டு வந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காதவர். எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரெண்டும் பொண்ணு. பையன் இல்லாதவன் சாமி முன்னாடி எந்த முகத்தோட போய் நிக்கிறது?" அந்த ரெண்டில் ஒருத்தி நான், மற்றவள் தங்கை மலர். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பேச்சுக்கு அந்த வாசலிலேயே பதில் சொல்ல வேண்டும் என்றுதான் போன மாசிக்கு டிக்கெட் போட்டோம்.

வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அவர் சீர்த்தட்டுகளோடு மேளதாளத்துடன் வருவார். குழந்தையின் அப்பா அவர் தலையில் உருமால் கட்டி மரியாதை செய்வார். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆகவே மலர் மடி என்று முடிவு செய்தோம். ஊரிலிருக்கும் முத்தையா பெரியப்பாவுக்கு (அப்பாவின் பெரியப்பா மகன்) வாட்ஸ்அப்பில் இதைத் தெளிவாகவே எழுதினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. அதைச் சம்மதம் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா, கணவர் சரவணன், மலர், யாழினி, நான் என ஐவருக்கும் போகவர 4,350 ரிங்கிட் ஆனது. காலை 9.40-க்கு இறங்கி வெளியே வர 11 மணி. அங்கிருந்து மதுரை 140 கிலோமீட்டர், கார் வாடகை 4,200 ரூபாய். ஓட்டுநர் செல்வம் மேலூர்க்காரர், வாய் ஓயாதவர். ஒத்தக்கடை நெருங்கும்போது வலப்பக்கம் யானைமலை படுத்திருந்தது. யாழினி "காஜா! காஜா!" என்று மலாய் மொழியில் கத்தினாள். "காஜா யாருக்கா?" என்று செல்வம் ஆளைத் தேடினார். காஜா என்றால் யானை என்று விளக்கிய பிறகு, மதுரை வரும்வரை அவரும் பார்த்ததையெல்லாம் காஜா என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

மதுரையில் இரண்டு நாள். ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை, ஒரு நாளைக்கு 2,600. மீனாட்சி கோயிலுக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள், ஆறு மணிக்குக் கூட்டம் குறைவு. செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. மஹால் அரண்மனையின் தூண்களை யாழினி கட்டிப்பிடித்துப் பார்த்தாள், கை பாதிகூட எட்டவில்லை. ஜிகர்தண்டா ஆளுக்கு இரண்டு. நன்றாக இருந்தது, நானும் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் செங்கோல் பிடிப்பவள் மீனாட்சி. பட்டாபிஷேகம் அவளுக்கு. காதுகுத்துக்கு மட்டும் மடி ஆம்பளையுடையதாக இருக்க வேண்டுமாம்.

மூன்றாம் நாள் காலை 7 மணிக்குக் கிளம்பினோம். திருமங்கலம் 22 கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே இன்னும் ஏழு. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், சொந்தக்காரர்கள் இந்த வலைப்பூவைப் படிக்கிறார்கள். நாற்கரச் சாலையை விட்டுத் திரும்பும் இடத்தில் பெரிய பிளக்ஸ். நடுவில் யாழினி சிரிக்கிறாள். பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட ஓர் இளைஞர், குழந்தையைவிட இரண்டு மடங்கு பெரிதாக. கீழே: 'தாய்மாமன் மு. பாண்டி'.

"மாமா யாருக்கா, சினிமாவுல இருக்காரா?" என்றார் செல்வம்.

"எங்களுக்கே இப்பத்தான் தெரியுது" என்றாள் மலர்.

பாண்டி, பெரியப்பாவின் கடைசி மகன். கோயில் வாசலில் புது வேட்டி கட்டி நெளிந்துகொண்டு நின்றார். பெரியப்பா எங்களை அன்பாகத்தான் வரவேற்றார். பந்தல், மேளம், மைக்செட், கறி விருந்துக்கு அடுப்பு என்று எல்லாமே தயாராக இருந்தது. மனிதர் நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். அதனால்தான் கோபப்படுவது இன்னும் கடினமாக இருந்தது.

"எழுதியிருந்தேனே பெரியப்பா, மலர் மடின்னு."

"பாத்தேன் தாயி. வெளிநாட்டுல வளந்த பிள்ளைக, தெரியாம எழுதியிருக்குன்னு விட்டுட்டேன். பாண்டியும் ஒனக்குத் தம்பிதானே? சுப்பையாவுக்கு மகன் இல்லாத கொறைய நாங்க தீத்துவைக்கிறோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பாண்டி எனக்குத் தம்பி முறைதான். ஆனால் அந்தக் 'கொறை' என்ற சொல்லுக்குத்தான் அப்பா ஆயுசு முழுக்கப் பயந்து ஈப்போவிலேயே இருந்துவிட்டார். பாண்டி மடியில் யாழினி உட்கார்ந்தால் அவர் பயந்தது சரி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

"கொறையே இல்ல பெரியப்பா. தீக்க வேண்டாம்" என்றேன்.

"பொம்பள உருமா கட்டி இந்த வாசல்ல இதுவரைக்கும் ஒருத்தியும் நின்னதில்ல."

மலர் சீர்த்தட்டைக் கையில் எடுத்தபடியே சொன்னாள்: "மீனாட்சி கல்யாணத்துக்கே அண்ணன் அழகர் நேரத்துக்கு வந்து சேரலன்னுதான் உங்க ஊர்ல கதை சொல்றாங்க. கல்யாணம் நின்னா போச்சு?"

மேளக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, சட்டென்று இருமுவதுபோல் நடித்தார். அப்போதுதான் அம்மா பையைத் திறந்தார். அப்பா லாரியில் தலைக்குக் கட்டும் கட்டம் போட்ட துண்டு, துவைத்து மடித்து உள்ளே இருந்தது. அதை அம்மா கொண்டுவந்தது எனக்கே தெரியாது. சரவணனிடம் நீட்டினார்.

"இதையே கட்டுங்க மாப்பிள்ள."

சரவணன் பெரியப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் எனக்குப் பயப்படுவாரா, பெரியப்பாவுக்குப் பயப்படுவாரா என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம். பாண்டி குறுக்கே வந்து, "கட்டுங்க மச்சான், எனக்கு இந்த வேட்டியே நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி மலர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். சரவணன் மலர் தலையில் கட்டிவிட்டார்.

மைக்செட்காரர் குழம்பினார். "அண்ணே, யாரு சீர் வருதுன்னு சொல்ல?"

"ஈப்போ சுப்பையா வீட்டுச் சீர்னு சொல்லுங்க. கொண்டுவாரது அவரு மக" என்றார் பாண்டி. ஒலிபெருக்கி அதை வயல்காடு முழுக்கச் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

காது குத்திய ஆசாரிக்கு எங்கள் பஞ்சாயத்தில் அக்கறையே இல்லை. "மடி யாருதுன்னாலும் சரி, பிள்ள ஆடக்கூடாது. கெட்டியாப் பிடி தாயி" என்றார். மலர் பிடித்தாள். யாழினி இரண்டு முறை வீரிட்டாள், பிறகு வாழைப்பழம் கேட்டாள். பெரியப்பா எங்களோடு பேசாமலே பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். இன்றுவரை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இதுபோலக் கிளம்புகிறவர்களுக்கு: மாசியில் பகல் வெயில் கொளுத்தும், மொட்டை போட்ட பிள்ளைக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி, மேளம், சமையல் எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே போனில் பேசி முடியுங்கள். எழுதி அனுப்பினால் மட்டும் போதாது, யார் மடி என்பதை வாயால் சொல்லிக் காதால் பதில் கேட்டுவிடுங்கள். பிளக்ஸை நீங்களே அடியுங்கள், ஆறுக்கு நாலு அடி 450 ரூபாய்தான். பையன் இல்லாத வீடு என்று யாராவது இரவல் தாய்மாமன் கொடுக்க வந்தால், கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

ஈப்போவுக்குத் திரும்பக் கிளம்பிய அன்று செல்வம் அந்தத் திருப்பத்தில் தானாகவே காரை நிறுத்தினார். பிளக்ஸில் கூலிங்கிளாஸ்காரரைக் காணோம். அவர் முகத்தின்மேல் பாண்டியே ஒரு கலர் பிரிண்ட்டை ஒட்டியிருந்தார்: கட்டம் போட்ட துண்டை உருமாலாகக் கட்டிய மலர், மடியில் வீரிடும் யாழினி. கீழே 'தாய்மாமன்' என்ற எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, பெயரை மட்டும் மறைத்து எழுதியிருந்தார்: 'சுப்பையா மகள் மலர்விழி'.

அம்மா காரைவிட்டு இறங்கினார். மலரின் முகத்தைப் பார்க்கவில்லை. 'சுப்பையா' என்ற அந்த முதல் பெயரைத் தொட்டு, "வந்துட்டீங்க" என்றார்.