விசாரணைக் கமிஷன் அண்ணி

என் அண்ணியிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் நின்னுபோச்சு என்று கூப்பிட்டால், வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கமாட்டாள், ஆட்களைப் பார்ப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க? எழுந்து போனீங்களா? யாரு உள்ள வந்தா?" என்று ஒருவர் விடாமல் கேட்டு நோட்டில் எழுதுவாள். நான் வரவேற்பில் உட்காரும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் அரை மணி தாமதமாக வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குக் கேபிள் இழுக்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலைக்குப் போனவள் அவள். புகார் சொல்கிறவர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டே பாதிப் பழுதைப் போனிலேயே சரிசெய்ய, அவர்கள் அவளையே பழுது பார்க்க ஏணியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது தனியாக ஆறு இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறாள். ஆறில் பெரியது எங்கள் நிலையம். அதை வைத்துத்தான் மற்ற இடங்களில் அவளுக்கு மரியாதை.

மூன்று வாரமாக எங்களுக்குப் பதினொரு மணி என்றாலே கண்டம். ரிப்போர்ட்டுகள் எல்லாம் சேரும் பெரிய கம்ப்யூட்டர், அதாவது சர்வர், உள்ளறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வெளியே ஏழு கம்ப்யூட்டரிலும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்து, மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும். பாதி அடித்த ரிப்போர்ட் அம்போ. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள் என்னைப் பிடித்துக் கடிப்பார்கள். நானும் திருப்பிக் கடிப்பேன், அது வேறு விஷயம்.

டைப்பிஸ்ட் அக்கா காலை ரிப்போர்ட்டுகளைச் சேமிப்பது சரியாகப் பதினொரு மணிக்கு. பழி அவர் மேல் விழுந்தது. நிலையத்தை நடத்தும் டாக்டர், "அந்தம்மா எதையோ அமுக்கிடறாங்க. இந்தச் சனிக்கிழமையோட நின்னுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. வேறு யார் வேலை கொடுப்பார்கள்? தண்ணீர் குடிக்கக்கூட எழாமல், விசைப்பலகையைத் தொடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி நான்கு நாள் வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை காலை என்னைக் கேட்டாள்: "வியாழக்கிழமை மட்டும் நிக்கவே இல்லையே. அன்னைக்கு யாரு வரல?"

"டாக்டர் மட்டும்தான் லீவு" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். தன் அறையில் பழைய லேப்டாப்பைத் திறந்து நெட்வொர்க் கேபிளைச் செருகினார். வெளியே ஏழு திரையும் நின்றன. அண்ணி உள்ளே போய், அனுமதிகூடக் கேட்காமல் அந்தக் கேபிளை உருவினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஓடத் தொடங்கின. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. ஆனால் அவள் லேப்டாப்பில் எதையோ பார்த்து, நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி, அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள். "ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் உண்டு. இந்த லேப்டாப்புக்கு அந்த நம்பரை மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் போட்டேன். போன வருஷம் புது சர்வர் வெச்சப்போ அதே நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வரல. காலின்னு நினைச்சு சர்வருக்குப் போட்டுட்டேன். லேப்டாப் அப்போ அலமாரில தூங்கிட்டிருந்திருக்கு. ஒரே நம்பர்ல ரெண்டு வீடு, தபால் எங்க போகும்? தப்பு என்னோடது டாக்டர். அக்கா எதையும் அமுக்கல."

டாக்டரின் முகம் சிவந்தது. புதிய லேப்டாப் பழுதாகி, மூன்று வாரமாகப் பழையதைத் தூக்கி வருகிறவர் அவர். "அவங்க வேலையைப் பார்க்கட்டும். நீங்க இனிமே வர வேண்டாம்" என்றார். அண்ணி தலையாட்டினாள். லேப்டாப்புக்கு வேறு எண் போட்டு, ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து பொரிந்து தள்ளினேன். "பழைய லேப்டாப், அதான் கோளாறுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு! அரிச்சந்திரனுக்கு அக்காவா நீங்க?"

"மெஷின் மேல போட்ட பழி அங்கேயே நிக்காதும்மா. அடுத்த தடவை ஏதாவது நின்னா, அவர் மறுபடியும் அக்காவைத்தான் பார்ப்பாரு. எனக்கு இன்னும் அஞ்சு இடம் இருக்கு" என்றாள்.

அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவள் தோளில் தொங்கிய கனமான பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். எப்போதும் யாரிடமும் தராதவள், அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் தந்துவிட்டாள்.