பெற்றோர் விருப்பத்தின் பேரில்

1. நான் டைப் அடித்த கடிதம்

விருத்தாசலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிளார்க்காக இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. பிளஸ் டூவில் எத்தனை சதவீதம் பாஸ் என்பதை வைத்துத்தான் தலைமையாசிரியரை மேலே இருப்பவர்கள் மதித்தார்கள். அதற்கு எங்கள் தலைமையாசிரியர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். பிளஸ் ஒன்னில் தேறாத பிள்ளைகளை பிளஸ் டூவுக்கு ஏற்றமாட்டார். டி.சி. கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்.

பள்ளி விரட்டியதாகக் காகிதத்தில் தெரியக்கூடாது. அதனால், ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்’ என்று ஒரு கடிதத்தை நானே டைப் அடித்து வைப்பேன். பெற்றோர் வந்து கையெழுத்துப் போடுவார்கள். டி.சி.யில் ‘பள்ளியை விட்டு நீங்கிய காரணம்’ என்ற இடத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதுவேன். அந்தத் தலைமையாசிரியர் வந்து நான்கு வருடம். நான்கு மே மாதமும் எழுதினேன். சம்பளம் வாங்குகிறோம், சொன்னதைச் செய்கிறோம் என்று இருந்தேன்.

ஐந்தாவது வருடப் பட்டியலில் ஏழு பெயர். முதல் ஆறு பேருக்கு வழக்கம்போல் முடிந்தது. ஏழாவது பெயர் சத்யா. ஃபர்ஸ்ட் குரூப், கணக்கிலும் பிசிக்ஸிலும் ஃபெயில். அவள் அம்மா அஞ்சலை செராமிக் யூனிட்டில் பொம்மை அச்சுக்குக் கலவை ஊற்றுபவர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. படிக்கத் தெரியாது. கட்டைவிரலுக்கு மை தடவ நான் ஸ்டாம்ப் பேடைத் திறந்தபோது கேட்டார்.

“இதுல என்னா எழுதியிருக்குது மேடம்?”

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. படித்துக் காட்டினேன்.

“நான் எப்பங்க விருப்பப்பட்டேன்?” என்றார் அஞ்சலை. “வரச் சொன்னீங்க, வந்தேன். பொண்ண நிறுத்தணும்னு நான் எப்ப சொன்னேன்?”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். “ஏம்மா, உன் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றோம். பிளஸ் டூவுல ஃபெயிலானா அசிங்கம். இப்பவே டெய்லரிங் கிய்லரிங் சேத்து வுடு.”

“அசிங்கம் எங்களுக்கா, உங்களுக்கா சார்?”

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அஞ்சலை அந்தக் கடிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகினார்.

“அதக் குடும்மா. ஆபீஸ் பேப்பர் அது.”

“என் பேரு போட்டிருக்குதே சார். அப்ப என் பேப்பருதான். சேத்தியாத்தோப்புல என் தம்பி வக்கீல் குமாஸ்தாவா இருக்கான். அவன் படிச்சிட்டுச் சொல்லட்டும். போயிட்டு வரேன்.”

டி.சி. புத்தகத்தில் சத்யாவின் பெயரை எழுதச் சொல்லி அன்று யாரும் என்னிடம் வரவில்லை. மாலையில் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “அந்தம்மாவுக்குப் படிச்சிக் காட்டச் சொல்லி உனக்கு யார் சொன்னது? அந்தப் பொண்ணு இருக்கட்டும். ஆனா ஃபெயிலாச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்.”

அவர் மேல் வந்த கோபத்தைவிட, ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்திருந்த என் கை மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

2. மடிப்பு விழாத புத்தகம்

எனக்குக் கணக்கு வராது. பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) மூலம் தற்காலிகமாக வேலைக்கு வந்திருந்த தேன்மொழி டீச்சரிடம் கேட்டேன். மதிய இடைவேளையில் ரெக்கார்ட் ரூமில் உட்காரலாம் என்று ஒப்புக்கொண்டார். முதல் நாள் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். சத்யா கொண்டுவந்த புத்தகம் கடையில் வாங்கியபோது இருந்ததுபோலவே இருந்தது.

“இத எங்களுக்கு நடத்தவே இல்ல டீச்சர். போன ஜூன்லயே பிளஸ் டூ புக்க நடத்த ஆரம்பிச்சிட்டாங்க. பரீட்சைக்கு முன்னாடி இதுல நாலு எடத்துல டிக் போட்டுக் குடுத்தாங்க, அவ்வளவுதான்.”

நடத்தாத பாடத்தில் பரீட்சை வைத்து, அதில் ஃபெயில் என்று பெயர் எழுதி, எனக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். தேன்மொழி டீச்சர் முதல் பாடத்திலிருந்தே போர்டில் எழுத ஆரம்பித்தார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துத் தேதிவாரியாகத் தைத்துக் கொடுத்தேன். தெரிந்தது அதுதான். அரையாண்டில் மறுபடி கணக்கு போனது. மூன்று நாள் சத்யா வரவில்லை. நான்காம் நாள் நானும் டீச்சரும் தேடிப் போனால், யூனிட் வாசலில் அச்சுகளைத் தூக்கி வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வராது மேடம். வுட்டுடுங்க.”

நான் வாயைத் திறக்கும் முன்பே அஞ்சலை உள்ளிருந்து வந்தார். “ஏண்டி, ஸ்கூலு லீவுன்னு எங்கிட்ட பொய் சொன்னியா? நான் அன்னிக்கு அந்த ஆளுகிட்ட சண்ட போட்டது நீ வந்து அச்சு தூக்கவா? கீழ வைடி அத!”

வைத்தாள். மறுநாள் மதியம் ரெக்கார்ட் ரூமுக்கு எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

ரிசல்ட் வந்தது. கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். கணக்கில் தப்பித்தாள். அந்த வருடம் பள்ளிக்கு நூறு சதவீதம். பாராட்டு விழா மேடையில் தலைமையாசிரியருக்குச் சால்வை போர்த்தினார்கள். “ஒரு பிள்ளையையும் கைவிடாத பள்ளி” என்று மைக்கில் பேசினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

3. ‘திருப்திகரம்’

கெமிஸ்ட்ரி பட்டப்படிப்புக்கு அரசுக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினோம். ஜாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அஞ்சலை வேலையை விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை அலைந்தார். சத்யாவின் பெயர் கல்லூரிப் பட்டியலில் வந்தது. சேர்க்கைக்கு ஒரிஜினல் டி.சி. வேண்டும். இரண்டு நாள்தான் இருந்தது.

எழுதி எடுத்துப் போனேன். ‘நடத்தையும் பண்பும்’ என்ற இடத்தில் எல்லோருக்கும் போடுவதுபோல் ‘நன்று’ என்று எழுதியிருந்தேன். தலைமையாசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தப் பொண்ணுக்கு ‘திருப்திகரம்’னு போடும்மா. அது போதும்.”

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வார்த்தையைப் பார்த்தால் கல்லூரி ஆபீசில் நிறுத்துவார்கள். பள்ளியில் என்ன செய்தாய் என்று பதினேழு வயதுப் பெண்ணை எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அவருக்கு அது தெரியும்.

“என்ன சார் தப்பு செஞ்சா?”

“சொன்னத எழுது.”

கத்தியிருப்பேன். கத்தினால், ‘கிளார்க்கம்மா தலைமையாசிரியரை எதிர்த்துப் பேசினார்’ என்று என் மேல் மெமோ வரும், டி.சி. அப்படியே கிடக்கும். இருக்கைக்கு வந்து ஆபீஸ் குறிப்பு ஒன்று எழுதினேன். ‘மேற்படி மாணவியின் நடத்தை திருப்திகரம் எனப் பதிவு செய்ய வாய்மொழி உத்தரவு பெறப்பட்டது. காரணத்தைக் குறிப்பிட்டுக் கையொப்பமிட வேண்டுகிறேன்.’ ஃபைலில் கோத்து உள்ளே அனுப்பினேன்.

பியூன் திரும்பி வந்து, “மேடம், சாரு கிழிச்சிப் போட்டுட்டாரு” என்றார்.

இன்னொன்று எழுதினேன். இந்த முறை நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு என்று கீழே போட்டு, டி.சி.யோடு நானே எடுத்துப் போனேன். அவர் படித்தார். நான் நின்றேன்.

“உனக்கு என்னம்மா அவ? சொந்தமா?”

“காரணம் எழுதுங்க சார். ஒரு வரி போதும்.”

எழுத அவரிடம் காரணம் இல்லை. நான் முதலில் எழுதிய டி.சி.யை இழுத்து, ‘நன்று’ என்றிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டு மேசை மேல் தள்ளிவிட்டார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சத்யா கல்லூரியில் சேர்ந்தாள்.

ஆறு வாரத்தில் எனக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் மாறுதல் வந்தது. ‘நிர்வாகக் காரணம்’ என்று போட்டிருந்தார்கள். தேன்மொழி டீச்சரை அடுத்த ஜூனில் பி.டி.ஏ. எடுக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் எழுதத் தேவையிருக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

புதிதாக ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு, அநியாயமாக ஒன்றைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று. எனக்குத் தெரிந்தது இதுதான். கோபப்படுங்கள், ஆனால் கத்தித் தீர்த்துவிடாதீர்கள். அதைக் குறிப்பாக எழுதி, தேதி போட்டு, மேலே அனுப்புங்கள். வாயால் உத்தரவு போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதன் கீழே கையெழுத்துப் போட தைரியம் கிடையாது. முதல் நான்கு மே மாதங்களில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் பிளஸ் டூ எழுதியிருப்பார்கள். அவர்கள் பெயர்கூட எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை.