திருப்பி அனுப்புகிறவர்

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்டார் டைல்ஸ்காரர். குளியலறைக் கற்களை விற்றே மாடிமேல் மாடி கட்டியவர். பீங்கான் என்று எது கையில் கிடைத்தாலும், நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் டாக்டராகிவிடுவார். "செகண்ட் குவாலிட்டி" என்று தீர்ப்பளித்துத் தட்டை நிமிர்த்தி வைத்தார். நகரத்திலேயே விலை உயர்ந்த சீன உணவகம் அது. கம்பளத்தில் கால் வைத்தால் செருப்பு காணாமல் போகும். தண்ணீர் கேட்டாலே குனிந்து வணங்குவார்கள். அதெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டா? "நான் சீனாவுக்கே போயிட்டு வந்தவன்யா!"

போனது உண்மை. கல் கண்காட்சி பார்க்க ஒரு வாரம் போனார். அந்த ஒரு வாரம், உலகத்துச் சீனச் சமையற்காரர்கள் அத்தனை பேருக்கும் மாமனார் அந்தஸ்தை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது. எந்தப் பதார்த்தம் வந்தாலும் முதலில் மூக்கு. பிறகு குச்சி நுனியில் ஒரு துளி. அப்புறம் கண்ணை மூடி ஒரு மௌனம். கடைசியில், "ம்ஹூம். ஒரிஜினல் டேஸ்ட் வரலை. எடுத்துட்டுப் போங்க."

கறுப்புக் கோட்டு போட்ட மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டு போவார். அதே பண்டத்தின்மேல் கொஞ்சம் வெங்காயத்தாளைத் தூவி, புதிதாகச் சமைத்ததுபோல் சற்றுத் தாமதித்து, அதையே திரும்பக் கொண்டுவந்து வைப்பார். "இப்ப எப்படி வந்துச்சு பாருங்க! நாலு வார்த்தை சொன்னாத்தான் செய்வானுங்க" என்று இவர் வழித்துச் சாப்பிடுவார். இரு தரப்புக்கும் பரம திருப்தியான ஏற்பாடு.

அன்று மட்டும் அந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது. மகள் விரும்பிய பையனின் அப்பாவும் அம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே கல்யாணத் தேதி. போன வருஷம் கூடிவந்த ஒரு சம்பந்தம் இவரால்தான் முறிந்தது. அந்த வீட்டு வரவேற்பறைத் தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "கல்லு வித்தவன் உங்களை நல்லா ஏமாத்திட்டான்" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். ஆகவே வரும்போது காரிலேயே மகள் எச்சரித்துவிட்டாள்.

"அப்பா, இதுவும் உங்க வாயால கெட்டுச்சுன்னா, நாங்க நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். கல்யாண போட்டோ உங்களுக்கு வாட்ஸப்ல வரும்."

"நான் என்னம்மா பேசிடப் போறேன்?"

"அதுக்குத்தான் அவ பயப்படுறா" என்றாள் மனைவி.

பையனின் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். காலமெல்லாம் கண்டபடி ஓட்டுகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர்; தன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்ற தைரியத்தில் எதற்கும் பதறாதவர். மேசை நடுவே சுழலும் கண்ணாடி வட்டத்தில் சூப் வந்து இறங்கியது. டைல்ஸ்காரர் அதைத் தன் பக்கம் சுழற்றினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். மகள் மேசைக்கு அடியில் அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஒரிஜினல் இல்லை. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"எதுக்குங்க அனுப்பிக்கிட்டு? இப்படித் தள்ளுங்க." டிரைவிங் ஸ்கூல்காரர் ஒற்றை விரலால் வட்டத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தானே இருக்கு!" மற்ற எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துப் பாத்திரத்தைக் காலி செய்தார்.

இஞ்சி போட்டு அவித்த மீன் வந்தது. பழக்க தோஷம், இவர் அதையும் தள்ளுபடி செய்தார். மேற்பார்வையாளர் நீட்டிய கைக்கு முந்திக்கொண்டு பையனின் அப்பா கை வந்துவிட்டது. நூடுல்ஸும் அப்படியே போயிற்று. திரும்பி வர வேண்டியவை எதுவும் சமையலறைக்கே போகவில்லை. பிறகு எங்கிருந்து திரும்பி வரும்? எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிட, டைல்ஸ்காரர் தட்டில் இரண்டு குச்சிகள் படுத்திருந்தன. தண்டித்த மீனையே எடுத்துத் தின்றால் நீதிபதியின் மானம் என்னாவது? விருந்தை நம்பி மத்தியானமே பட்டினி கிடந்த வயிறு உரக்க முறையிட்டது. அவர் இருமி மறைத்தார்.

"சீனாவுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எதுங்க?" என்று பையனின் அம்மா நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

டைல்ஸ்காரர் கூரையைப் பார்த்தார். மனைவி மீனில் முள் எடுத்தபடியே சொன்னாள்: "பிரெட்டும் ஜாமும். ஒரு வாரத்துக்கும் நான்தான் பெட்டியில கட்டி வச்சேன். அந்த ஊர்ச் சாப்பாட்டை வாசம்கூடப் பிடிக்காம வந்து சேர்ந்தார்."

டைல்ஸ்காரர் வாயைத் திறந்தார். வரப்போகிற வாக்கியம் எதுவானாலும் கல்யாண மண்டபத்தையே இடிக்கும் என்பது மகளுக்குத் தெரியும். "அப்பா" என்றாள், மெதுவாக. வாய் மூடிக்கொண்டது. அந்த விருந்தில் அதுவரை அவர் விழுங்கிய ஒரே பதார்த்தம் அந்த வாக்கியம்தான்.

பையனின் அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்போ கல்யாணத்துல உங்க சாப்பாடு எங்களுக்கு மிச்சம், சம்பந்தி!"

சம்பந்தி! மகள் அம்மாவின் கையை விட்டாள். "வாங்க சம்பந்தியம்மா, தேதியைப் பேசிடலாம்" என்று பையனின் அம்மா எழுந்தாள். வாசலில் இருந்த மீன்தொட்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள எல்லாரும் கிளம்பினார்கள். "நீங்க போங்க, நான் பில்லைப் பார்த்துட்டு வர்றேன்" என்று இவர் பின்தங்கினார்.

கடைசியாக வந்த மூங்கில் கூடை எதிர்ப்பக்கம் கிடந்தது. மாவு தடிமன் என்று இவர் ஒதுக்கிய டிம்சம் கொழுக்கட்டைகள், ஆறிப்போய். இருபுறமும் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் வட்டத்தைச் சுழற்றினார். மூடியைத் திறந்து ஒன்றை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டார்.

"சாப்பாடு எப்படி சார் இருந்துச்சு?" பில்லோடு மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார்.

கன்னம் புடைக்க, வாய் திறக்க வழியில்லாமல், டைல்ஸ்காரர் முகத்தைச் சுளித்து இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினார்; அவர் கை கூடைக்குள் இன்னொன்றைத் துழாவிக்கொண்டிருந்தது.