மூங்கில் ஏணியில் மலையாண்டி

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்கள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து அன்றே குறித்தவை. 1942, மே மாதம். பட்டப்பகல்.

வெற்றிலை விலை பற்றிப் பத்திரிகையில் எழுதச் சோழவந்தான் போயிருந்தேன். 12.40க்கு வெற்றிலைக் கொடிக்காலில் கூச்சல். வெற்றிலை கிள்ள ஏறிய மலையாண்டி ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். யுத்தகால முதலுதவி வகுப்பில் பயின்றவன் நான், ஓடினேன். மார்பு லேசாக ஏறி இறங்கியது. முதுகெல்லாம் ஈரச்சேறு. ஆனால் அவன் கிடந்த இடம் காய்ந்த வரப்பு.

“தூக்குனீங்களா?”

“யாரும் தொடல. இப்பத்தான் விழுந்தாப்ல,” என்றான் அவன் மச்சான் சுருளி. கூட நின்ற காளையும் சின்னானும் தரையைப் பார்த்தார்கள்.

தலை, கழுத்து, முதுகு மூன்றும் வளையாமல் ஒரே நேராக இருக்க வேண்டும். நான் மூன்று எண்ணியதும் நால்வரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்றேன். அந்த ஏணியிலேயே கிடத்தி, தலைக்கு இருபுறமும் துண்டுகளைச் சுருட்டி அணை கொடுத்துக் கட்டினேன். கால் முன்னால் போகட்டும் என்றதும் சுருளி முறைத்தான்.

“பொணமாய்யா அவன்?”

“முகம் எனக்குத் தெரியணும்.”

முன்னால் சுருளியும் காளையும். பின்னால் நானும் சின்னானும்.

1.05. வாய்க்கால் கரையில் இறக்கி மூச்சு வாங்கினோம். மறுபடி தூக்கக் குனிந்தோம். நான் வாய் திறக்குமுன்...

“ஒண்ணு... ரெண்டு...”

அவ்வளவுதான். மூன்று வரவில்லை.

“சுருளி, நீ எண்ணாதே.”

“நான் வாயே தொறக்கலய்யா.”

சுருளியின் குரல்தான். ஆனால் வந்தது ஏணியிலிருந்து. மலையாண்டியின் உதடுகள் மூடியிருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1.20. நடக்கும்போதே... “ஒண்ணு... ரெண்டு...”

ஏணி கனத்தது. சுருளியின் பக்கம் மட்டும் தாழ்ந்தது.

1.32. மறுபடியும்.

சுருளி திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னான். “மூணச் சொல்லிரு மாப்ள...”



1.50. ஆஸ்பத்திரி. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முறிந்திருக்கிறது, உயிர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார்.

திரும்பினேன். சுருளி இல்லை. அன்று போனவன்தான்.

பதினாறாம் நாள் சின்னான் என்னைத் தேடி வந்தான்.

“உச்சிக்கு முந்தியே விழுந்துட்டாப்லய்யா. பயத்துல பிந்தித்தான் கூச்சல் போட்டோம். நல்லாத்தான் பேசுனாப்ல. சேத்துலருந்து தூக்கச் சுருளிதான் எண்ணுனான். ரெண்டுன்னதும் அவசரப்பட்டுத் தோளப் பிடிச்சு இழுத்துட்டான். கழுத்துல சடக்குன்னுச்சு...”

“மூணு?”

“சொல்லவே இல்லய்யா.”